மேயர் தேர்தல் இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் எட்டுச் செய்தி சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறோம்.

ஆக்கியோன் பெயர்: சொன்னால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள், விடுக. வழி: தொகுத்தல், விரித்தல், பிறகு குழம்புதல். எல்லை: மேற்கே ஹட்சன் ஆறு, கிழக்கே ஈஸ்ட் ரிவர், தெற்கே துறைமுகம், வடக்கே ஹார்லெம் ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச நிலம். நூற்பெயர்: மேலே உள்ளது. யாப்பு: நூற்பா ஆறு, உரை வேண்டிய மட்டும். நுதலிய பொருள்: நியூயார்க் மாநகரில் 1886 நவம்பர் 2-ஆம் நாள் நடந்த மேயர் தேர்தல். கேட்போர்: ஏதாவது ஒரு தேர்தலில் தோற்றவர். பயன்: அடுத்த முறை வேறு காரணத்தால் தோற்றல்.

இனி நூல்.

1. முதல், கரு, உரி

*தீவும் நவம்பரும் முதலெனப் படுமே;*
*புலியும் சலூனும் கருவெனப் படுமே;*
*காத்துக் கிடத்தல் உரியெனப் படுமே.*

உரை: திணை எதுவாயினும் முதற்பொருள் நிலமும் பொழுதும். இங்கே நிலம் மன்ஹாட்டன் தீவு. ‘புரூக்ளின் எங்கே போயிற்று’ எனின், அது அன்று தனி நகரம். நடுவே பாலம் 1883-இலேயே திறந்தாயிற்று. ஆனால் நகரங்கள் இணைய 1898 வரை ஆயிற்று. பொழுது, பெரும்பொழுதில் இலையுதிர் காலம், சிறுபொழுதில் சலூன் மூடாத எந்நேரமும். தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 28 அன்று, துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையைத் திறந்துவைத்தார்கள். மறுவாரம் வாக்களிக்கும் உரிமை ஆண்களுக்கு மட்டும் இருந்தது. அம்மாநிலத்துப் பெண்களுக்கு அவ்வுரிமை வர 1917 ஆயிற்று. அதுவரை வாக்குரிமை இல்லாத பெண்கள் வரிசையில் தேவியும் ஒருத்தி.

கருப்பொருளுள் தெய்வம் டாமனண்ட் என்னும் டெலவேர் பழங்குடித் தலைவன். அவன் பெயரால் 1780-களில் ஒரு சங்கம் தொடங்கிற்று. அதன் தலைவர்களுக்குச் சேச்சம் என்று பட்டம், மூத்தவருக்குக் கிராண்ட் சேச்சம், கட்டடத்துக்கு விக்வாம். பழங்குடியினரிடமிருந்து நிலத்தை முதலிலும் பெயர்களைப் பிறகும் எடுத்துக்கொண்டனர் என்க. இதுவே டாமனி ஹால். விலங்கு புலி, 1871-இல் தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்து கொடுத்தது. திட்டுவதற்காக வரைந்த அதையே டாமனிக்காரர்கள் பின்னாளில் பெருமையாகச் சூடிக்கொண்டனர். பறை, பித்தளைக் குழல் வாத்தியம். உணவு, பீரும் கடற்சிப்பியும்.

உரிப்பொருள் முல்லைக்குரிய இருத்தல் போன்றதாயினும் வேறு. முல்லையில் தலைவி தலைவனுக்காகக் காத்திருப்பாள். இங்கே வேலை கேட்டவன் தலைவர் வீட்டு வாசலில் காத்திருப்பான். தலைவி காத்திருப்பது கார்காலம் வரை. இவன் காத்திருப்பது அடுத்த தேர்தல் வரை.

2. கட்சி

*கட்சி என்பது கட்சியுள் கட்சி;*
*புறத்தோர் பகையினும் அகத்தோர் பகைபெரிது.*

உரை: நியூயார்க்கில் டெமாக்ரடிக் கட்சி ஒன்று என்று வாஷிங்டனில் நினைத்தார்கள். நியூயார்க்கில் அது மூன்று: டாமனி ஹால், இர்விங் ஹால், கவுன்டி டெமாக்ரசி. மூன்றுக்கும் கொள்கை ஒன்றே. அதாவது மூன்றும் அதே வேலைகளைக் கேட்டன. குடியரசுக் கட்சி நான்காவது. ஐந்தாவதாக அவ்வாண்டு புதிதாக வந்தது தொழிலாளர் கட்சி.

ஐந்தாவது வந்த காரணம்: மே மாதத்தில் எட்டு மணி நேர வேலை கேட்டு நாடெங்கும் வேலைநிறுத்தம். சிகாகோவில் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. நியூயார்க்கில் ஓர் இசையரங்க மதுக்கூடத்தைப் புறக்கணிக்கச் சொன்ன சங்கத்தார் ஐவரைச் சிங் சிங் சிறைக்கு அனுப்பினார் நீதிபதி. நீதிபதியை நியமித்தது யார், அவரை நிறுத்தியது எந்தக் கட்சி என்று மத்தியத் தொழிற்சங்கத்தார் விசாரித்தனர். விசாரித்தபின் தாமே ஒரு கட்சி வைப்பதே சிக்கனம் என்று கண்டனர்.

டாமனிக்கும் அது சோதனைக் காலம். முன்னொரு காலத்தில் பாஸ் ட்வீட் ஆண்டான், 1871-இல் விழுந்தான், சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்குப் போனவனை நாஸ்ட் வரைந்த படத்தை வைத்தே அடையாளம் கண்டு பிடித்தார்கள், 1878-இல் சிறையில் இறந்தான். அடுத்து வந்த ஜான் கெல்லி 1886 ஜூன் மாதம் காலமானார். நாற்காலி ரிச்சர்ட் குரோக்கரிடம் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. புதுத் தலைவருக்கு முதல் தேர்தல் தோற்கக் கூடாத தேர்தல்.

‘மேயர் பதவிக்கு இத்தனை அடிதடி ஏன், அது மாலை வாங்கும் பதவிதானே’ எனின், அற்றன்று. 1884 வரை மேயர் ஓர் அதிகாரியை நியமித்தால் ஆல்டர்மன்கள் என்னும் நகரமன்ற உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும். ஒப்புவதற்கு விலை இருந்தது. அந்த அதிகாரத்தைப் பறித்துத் துறைத் தலைவர்களை நியமிக்கும் உரிமையை மேயர் ஒருவர் கையிலேயே கொடுக்கும் சட்டத்தை 1884-இல் மாநில மன்றத்தில் கொண்டுவந்தார் தியோடர் ரூஸ்வெல்ட் என்ற இளைஞர். அதே ஆண்டு பிராட்வேயில் டிராம் ஓட்டும் உரிமையை விற்ற ஆல்டர்மன்கள் 1886-இல் பிடிபட்டனர். சிலர் கனடாவுக்கு ஓடினர். ஆக, மன்றம் மெலிந்து மேயர் பருத்த நேரம் அது. பருத்த இடத்தில் கூட்டம் சேரும்.

3. வேட்பாளர்

*நல்லோன், வல்லோன், நாளையோன் என்றாங்கு*
*எல்லா நகர்க்கும் வேட்பாளர் மூவர்.*

உரை: முதலாவது நல்லோன். கட்சி கெட்டுப்போன ஆண்டில் கட்சிக்கு வெளியிலிருந்து வாடகைக்கு எடுக்கப்படுபவன் நல்லோன் எனப்படும். எடுத்துக்காட்டு, ஏப்ரம் ஹியூவிட். இரும்பாலை முதலாளி, காங்கிரஸ் உறுப்பினர், கொடையாளர் பீட்டர் கூப்பரின் மருமகன். டாமனிக்கு எதிராகவே கவுன்டி டெமாக்ரசியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அவரை டாமனி தன் வேட்பாளராக அறிவித்தது. அவர் சொந்த அமைப்புக்கு அவரை மறுக்க வழியில்லை. ஒரே வீச்சில் எதிரியின் வேட்பாளரையும் எதிரியையும் சுருட்டிய இந்த வேலை குரோக்கருடைய கன்னிமுயற்சி. நல்லோனுக்கும் நகர மேன்மைக்காகத்தான் நிற்கிறோம் என்ற நம்பிக்கை முழுதாக இருந்தது. வாடகைக்கு எடுக்கப்படுபவனுக்கு அந்த நம்பிக்கை இன்றியமையாதது.

இரண்டாவது வல்லோன்; சொல்லில் வல்லோன் என்பது கருத்து. எடுத்துக்காட்டு, ஹென்றி ஜார்ஜ். பிலடெல்பியாவில் பிறந்து, கப்பலேறி, சான் பிரான்சிஸ்கோவில் அச்சுக்கோத்து, பத்திரிகையாளராகி, 1879-இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற பொருளாதார நூலை எழுதி உலகப் புகழ் பெற்றவர். அவர் கோட்பாட்டை ஒரு மூச்சில் சொல்லலாம்: நிலத்தின் மதிப்பை உயர்த்துவது ஊரார், பலனை எடுப்பது நிலக்காரன், ஆகவே நிலமதிப்புக்கு வரி போடு, மற்ற வரிகளை எடுத்துவிடு. காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்குமாடி அறைகளுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்த நகரத்தில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை.

தொழிலாளர் கேட்டபோது ஜார்ஜ் ஒரு நிபந்தனை வைத்தார்: எனக்கு ஓட்டுப் போடுவதாக 30,000 பேர் கையெழுத்திட்டால் நிற்கிறேன். அதற்கு மேலேயே சேர்ந்தது. நடுவில் வில்லியம் ஐவின்ஸ் என்ற நகர அதிகாரி தூது வந்து, விலகிக்கொண்டால் காங்கிரசுக்கு அனுப்புகிறோம் என்று ஆசை காட்டியதாக ஜார்ஜ் பின்னாளில் சொன்னார். நான் ஜெயிக்கவே முடியாது என்கிறீர்களே, பிறகு எதற்கு இந்தப் பேரம் என்று கேட்டாராம். நீங்கள் ஜெயிக்க முடியாது, ஆனால் நின்றால் பெரிய ரகளையாகும் என்று பதில் வந்ததாம். ரகளை உறுதி என்றால் நிற்கத்தான் வேண்டும் என்று ஜார்ஜ் முடிவு செய்தார். ஐவின்ஸின் பெயரை நினைவில் வைக்க. நான்காம் நூற்பாவில் வேண்டும்.

அக்டோபர் 5 அன்று கூப்பர் யூனியன் அரங்கில் ஜார்ஜ் வேட்பாளர் பதவியை ஏற்றார். அந்தக் கூப்பர் யூனியனைக் கட்டியவர் ஹியூவிட்டின் மாமனார். அதன் அறங்காவலர் குழுச் செயலாளர் ஹியூவிட்டே. எதிரியின் வீட்டுக் கூடத்தில் எதிரிக்கு எதிராக முடிசூடிய இச்செய்தி இலக்கணத்தில் இடமயக்கம் எனப்படும்.

மூன்றாவது நாளையோன். இன்று தோற்பதற்காகவே நிறுத்தப்பட்டு, தோல்வியால் நாடறிபவன். எடுத்துக்காட்டு, மேலே சொன்ன ரூஸ்வெல்ட். தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் 28 வயது நிரம்பிற்று. 1884-இல் ஒரே நாளில் தாயையும் மனைவியையும் இழந்து, டகோட்டாவில் மாடு மேய்க்கப் போயிருந்தவர். திரும்பியவரைக் குடியரசுக் கட்சி பிடித்து நிறுத்திற்று. பத்திரிகைகள் அவரைக் கௌபாய் என்றன.

4. சீட்டு

*அச்சிடு வோரே ஆள்பவர் ஆவர்;*
*இச்சையின் இடுவோர் ஏந்துநர் மாத்திரம்.*

உரை: இந்நூலின் உயிர்நிலை இவ்வியல். ஏனைய இயல்களை மறந்தாலும் இதனை மறவற்க.

அந்நாளில் வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை. கட்சி அச்சிட்டது. சாவடி அருகே பெட்டி போன்ற ஒரு கொட்டகை. உள்ளே கட்சி ஆள். அவன் கையில் பதவிக்கு ஒன்றாகப் பல சீட்டுகளை மடித்து வைத்த கட்டு. வாக்காளன் அதை வாங்கிக்கொண்டு போய், எல்லார் கண்முன்னும் போட்டான். இடையில் கட்டை மாற்றினானா என்று பார்க்கவும் ஆள் உண்டு. இந்நிலையில் சீட்டு நால்வகைப்படும்.

முழுச்சீட்டு: கட்சி கொடுத்தது கொடுத்தபடி. அடித்த சீட்டு: ஒரு பெயரைப் பென்சிலால் அடித்தது. இதற்குப் பென்சிலும் துணிச்சலும் தேவை, பென்சில் மலிவு. ஒட்டுச்சீட்டு: பின்புறம் பசை தடவிய துண்டுக் காகிதத்தில் மாற்றாள் பெயரை அச்சிட்டு, கட்சிச் சீட்டில் உள்ள பெயரின்மேல் ஒட்டியது. வஞ்சச்சீட்டு: கட்டிலிருந்து சொந்தக் கட்சி மேயர் வேட்பாளரின் சீட்டை உருவிவிட்டு, எதிர்க்கட்சிக்காரனுடையதைச் செருகி, ‘நம்ம சீட்டுதான்’ என்று உள்ளூர்த் தலைவரே கொடுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் பதிலுக்கு வேறொரு பதவிக்கு அவ்வாறே செய்வார். பகைமை மேடையில், பண்டமாற்று கொட்டகையில் என்க.

அச்சுக்கூலிக்கும் கொட்டகைக்கும் சீட்டு கொடுக்கும் ஆட்களுக்கும் பணம் வேண்டும். அதை வேட்பாளரிடமே வசூலித்தார்கள். பதவி பெரிதானால் வசூலும் பெரிது. ஏழை நிற்க முடியாது. நின்றாலும் நகரத்தின் சாவடி ஒவ்வொன்றிலும் அவன் சீட்டைக் கொடுக்க ஆள் இராது. ஆள் இல்லாத சாவடியில் அவன் வேட்பாளரே அல்லன். புதுக்கட்சிகள் பெரும்பாலும் இங்கேதான் செத்தன. 1886-இல் தொழிற்சங்கத்தார் தாமே நின்று சீட்டுக் கொடுத்ததால்தான் ஜார்ஜ் பிழைத்தார்.

இதை எல்லாம் 1887-இல் புள்ளிவிவரத்தோடு நூலாக எழுதி, அரசே சீட்டு அச்சிட வேண்டும் என்று வாதாடியவர் மேலே தூது வந்த அதே ஐவின்ஸ். இயந்திரத்தின் உள்ளே எண்ணெய் போட்டவனுக்குத்தானே எந்தப் பல்சக்கரம் எதைக் கடிக்கும் என்று தெரியும்? தூது அனுப்பியவர்கள் அந்நூலை மகிழ்ந்து படித்திருக்க மாட்டார்கள்.

5. வாக்காளர்

*பெற்றோர், அஞ்சினோர், சினந்தோர், மீண்டோர்*
*மற்றோர் யாரும் மனையிடை இருப்பர்.*

உரை: பெற்றோர் என்பது தாய் தந்தையர் அல்லர், ஏதேனும் பெற்றவர். ஏதேனும் பெறச் செய்வதே டாமனியின் வழி. பிற்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் என்ற டாமனித் தலைவரின் ஒருநாள் வேலையைப் பத்திரிகையாளர் வில்லியம் ரியார்டன் குறித்துவைத்தார், 1905-இல் நூலாயிற்று. விடியுமுன் எழுந்து போலீஸ் பிடித்தவனுக்கு ஜாமீன். தீயணைப்பு வண்டி மணி கேட்டதும் ஓடி, வீடெரிந்தவர்களுக்குத் துணியும் தங்க இடமும். காலையில் நீதிமன்றத்தில் குடித்து விழுந்தவர்களுக்குப் பரிந்துரை. பிறகு வாடகை பாக்கி. பிறகு வேலை கேட்பவர். பிற்பகலில் ஓர் இத்தாலியர் இறுதி ஊர்வலம், ஒரு யூதர் இறுதி ஊர்வலம். இரவில் தேவாலயச் சந்தை, கல்யாண விருந்து. எதிலும் கொள்கை பேசப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்க. இந்தப் பிளங்கிட்டும் வகைப்படுத்துவதில் நம்மவரே. ஊழலை நேர்மையான ஊழல், நேர்மையற்ற ஊழல் என இரண்டாக வகுத்துத் தம்மை முதல் வகையில் வைத்துக்கொண்டார். ஒரே காலத்தில் நான்கு பதவி வகித்து மூன்றுக்குச் சம்பளம் வாங்கியவருக்கு வகுக்கவும் கூட்டவும் தெரிந்ததில் வியப்பில்லை.

அஞ்சினோர்: எண்வகை மெய்ப்பாட்டுள் தேர்தலுக்கு மிகப் பயன்படுவது அச்சம். ஹேமார்க்கெட் குண்டின் புகை இன்னும் கலையவில்லை. ஜார்ஜ் வந்தால் சொத்து போகும், பாரிஸில் நடந்த புரட்சி இங்கேயும் நடக்கும் என்று ஹியூவிட் பேசினார். குடியரசுக் கட்சிப் பணக்காரர்கள் சொந்த வேட்பாளரான கௌபாயைக் கைவிட்டு, ஓட்டைப் பிரிக்கக் கூடாது என்று டாமனி நிறுத்திய ஹியூவிட்டுக்குப் போட்டனர். கோயிலும் சும்மா இருக்கவில்லை. புனித ஸ்டீபன் தேவாலயப் பங்குத்தந்தை எட்வர்ட் மக்ளின் ஜார்ஜுக்கு மேடை ஏறினார். பேராயர் காரிகன் தடுத்தார். தடையை மீறியவரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார். குருமார் ஜார்ஜை ஏற்கவில்லை என்ற கடிதத்தை அச்சிட்டு, ஞாயிறு பூசை முடிந்து வருவோர் கையில் திணித்தது டாமனி. மக்ளின் மறு ஆண்டு திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டு, 1892-இல்தான் மீண்டார்.

சினந்தோர்: இவர்களே ஜார்ஜின் படை. பெரும்பாலான பத்திரிகைகள் எதிர்த்ததால் தமக்கென ஒரு பத்திரிகை தொடங்கினர். மண்டபம் கிடைக்காத இடத்தில் வண்டியின் பின்பலகையே மேடை. ஒரே இரவில் பல தெருமுனைகளில் ஜார்ஜ் பேசினார். சாமுவேல் காம்பர்ஸ் போன்ற தொழிற்சங்கத் தலைவர்களும் உடன் பேசினர்.

மீண்டோர்: ஒருமுறை வாக்களித்துவிட்டு மீண்டும் வருவோர், நம் வழக்கில் கள்ள ஓட்டுக்காரர். இவர்களுக்குத் தாடி மூலதனம். முழுத்தாடியோடு ஒரு ஓட்டு, நாவிதரிடம் போய் மோவாய்த் தாடியை எடுத்துவிட்டு ஒன்று, மீசை மட்டும் வைத்து ஒன்று, மழுங்கச் சிரைத்து ஒன்று என நான்கு பெறலாம் என்பது டாமனித் தலைவர் பிக் டிம் சல்லிவன் பெயரில் வழங்கும் கணக்கு. ஜார்ஜைக் கள்ள எண்ணிக்கையால் தோற்கடித்தனர் என்று அவர் ஆதரவாளர்கள் கடைசிவரை சொன்னார்கள். முடிவான சான்று வெளிவரவில்லை. தாடி இருந்த முகத்தில் சான்று தேடுவது கடினம்.

6. முடிவு

*எண்ணிய பின்னரும் எஞ்சுவ துளதே.*

உரை: எண்ணினார்கள். ஹியூவிட் 90,552. ஜார்ஜ் 68,110. ரூஸ்வெல்ட் 60,435. நல்லோன் வென்றான், ஆனால் அவனுக்குப் போடாதவர் போட்டவரைவிட அதிகம். வல்லோன் அவ்வாண்டே கட்டிய கட்சியோடு இரண்டாமிடம் வந்தான்.

எஞ்சியதைக் கூறுதும். நல்லோன் நல்லோனாகவே இருந்து தொலைத்தார். 1888-இல் புனித பாட்ரிக் நாள் ஊர்வலத்தைப் பார்வையிட மாட்டேன் என்றார். ஐரிஷ் ஓட்டில் உயிர் வாழ்ந்த டாமனி, வாடகை முடிந்தது என்று அடுத்த தேர்தலில் 30 வயது ஹியூ கிரான்டை நிறுத்தி அவரைத் தோற்கடித்தது. அவர் முன்வைத்த சுரங்க ரயில் திட்டம் அவர் இறந்த மறு ஆண்டு, 1904-இல், ஓடிற்று. நாளையோன் தோற்ற சில நாள்களில் லண்டனுக்குக் கப்பலேறி டிசம்பரில் மறுமணம் செய்துகொண்டார். 1901-இல் நாட்டின் அதிபரானார். வல்லோன் 1897-இல் மீண்டும் மேயருக்கு நின்று, வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன் இறந்தார். குரோக்கர் செல்வராகி அயர்லாந்துக்குப் போய்க் குதிரை வளர்த்தார். அவர் குதிரை 1907-இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் ஜெயித்தது. அறம் கூறும் நூல்கள் இக்கடைசிச் செய்தியை விட்டுவிடும். இலக்கணம் விடாது.

ஆனால் எஞ்சியவற்றுள் தலையாயது வேறு. அச்சுக்கோத்துப் பிழைத்த ஜார்ஜ் 1871-லேயே ஒரு கட்டுரையில், ஆஸ்திரேலியாவில் செய்வதுபோல் அரசே சீட்டை அச்சிட்டு, மறைவில் போட வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். 1883-இல் மறுபடி எழுதினார். 1886-இல் பட்டபின் அவர் ஆட்களும் சீர்திருத்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டனர். மாநில ஆளுநர் டேவிட் ஹில் இருமுறை தடுத்தார். 1890-இல், ஒட்டுச்சீட்டுக்கு இடம் விட்டு, அரைமனதோடு சட்டமாக ஒப்பினார். நிலவரி வரவில்லை, சீட்டு வந்தது.

புறனடை

‘அற்றேல், மறைவாக்கு வந்தபின் டாமனி ஒழிந்திருக்க வேண்டுமே, இணைந்த பெருநகரின் முதல் மேயர் பதவியை 1897-இல் அதுதானே வென்றது’ என்பார்க்கு விடை: ஒழியவில்லை. ஆயினும் அதன் தொழில் மாறிற்று. முன்பு சீட்டைக் கையில் கொடுத்துப் பெட்டிவரை கண்ணால் பின்தொடர்ந்தால் போதும். கொடுத்த காசுக்குக் கணக்கு அன்று மாலையே தீரும். இப்போது திரைக்குள் போனவன் யாருக்குப் போட்டான் என்று தெரியாது. தெரியாதவனை ஒருநாள் வாங்க முடியாது. ஆண்டு முழுக்கக் கவனிக்க வேண்டும். தீப்பிடித்த வீட்டுக்குத் தலைவர் விடியுமுன் ஓடியதில் இரக்கம் எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஐயம் இல்லாதிருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பார் என்பது மட்டும் துணிபு.

ஆகவே வேட்பாளரை மூன்றாகவும் சீட்டை நான்காகவும் வகுத்த யாம், திரைக்குள் போனவனை மட்டும் வகுத்திலம். அவனை வகுக்க முடியாமலிருப்பதே அவனுக்குள்ள ஒரே பலம். கட்சிக்காரர் கேட்டாலும் இலக்கணக்காரர் கேட்டாலும் அவன் யாருக்குப் போட்டான் என்று சொல்லாதிருக்கக் கடவன்.